மேற்பார்வையில் முளைத்த லெட்டூஸ்

செல்லப்பாண்டியின் வயிற்றெரிச்சலுக்கு விலாசம் உண்டு. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் நானும் அவனும் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு, பச்சை கேட் போட்ட வீடு. அந்த கேட்டில் ஒரு பலகை: ‘முன்னோடி நீர்த்தோட்டக்காரர் திரு. மாரிராஜ்’. அதற்குக் கீழே, வழங்கியவர்களின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில்: ‘மண்ணில்லா வேளாண்மை வழிகாட்டு மையம்’. பஸ் பிடிக்க வேறு வழி இருந்தும் செல்லப்பாண்டி தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போவான், வலிக்கிற பல்லை நாக்கு தேடிப் போவதுபோல.

மாரிராஜ் அவனுக்குச் சகலை. அக்காள் தங்கத்தாயைக் கட்டியவர் மாரிராஜ், தங்கை சுடலைச்செல்வியைக் கட்டியவன் செல்லப்பாண்டி. இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. பலகை வந்த நாளிலிருந்து ஊரே மாரிராஜை ‘அவர்’ என்கிறது. செல்லப்பாண்டி இன்னும் ‘அவன்’தான். நானும் ஊரோடு ஒத்துப்போகிறேன், எனக்கெதற்கு வம்பு.

மாரிராஜுக்கு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. முந்தின வருஷம் மார்கழியில் அந்த மையத்தில் பயிற்சிக்குப் போனார். மொட்டை மாடியில் வெள்ளைக் குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்து, குழாயில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு லெட்டூஸ் செடி வளர்த்தார். துளி மண் கிடையாது. உரம் கலந்த தண்ணீரை மோட்டார் சுற்றிச் சுற்றி விடும். லெட்டூஸ் என்பது பர்கருக்குள் ஒளிந்திருக்கும் கீரை. எங்கள் பகுதியில் யாரும் அதைச் சமைத்ததில்லை, ஆனால் மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பும் வழியில் செல்லப்பாண்டியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

உண்மையான அடி விழுந்தது கோயில் கொடைத் திருவிழாவில். மாமனார் வீரபாகு ஏரல் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரர். அந்த ஊரில் வைகாசிக் கொடைக்கு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். போன கொடைக்கு வைத்த ஃப்ளெக்ஸில் மாரிராஜ் ஆள் உயரத்துக்கு நின்றார், கையில் ஒரு லெட்டூஸ். செல்லப்பாண்டியின் படம் கீழ் மூலையில், பந்தல்காரர் பெயருக்கும் சவுண்ட் சர்வீஸ் போன் நம்பருக்கும் நடுவே இருந்தது. அவனை சவுண்ட் சர்வீஸ் முதலாளி என்று நினைத்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டார். அது போதாதென்று மாமனார் வந்தவர்களிடம் மருமகன்களை அறிமுகம் செய்தார்.

“இவரு எம் மூத்த மருமவன். முன்னோடி. இவரு...” என்று செல்லப்பாண்டியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். “இவரும் நம்ம வீட்லதான் கட்டியிருக்காரு.”

அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் செல்லப்பாண்டி ஒரு முடிவெடுத்தான். அடுத்த கொடைக்குள் அதே மையத்தில், மாரிராஜுடையதைவிடப் பெரிய பலகை. அதே ஃப்ளெக்ஸில் தன் படம் மேலே. அதைத் தவிர இந்த உலகத்தில் அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மையம் உப்பளத்தைத் தாண்டி இருக்கிறது. பங்குனி மாதப் பயிற்சிக்கு அவனுக்கு இடம் கிடைத்தது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் டேலி கிளார்க் அவன், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிறவன். முதலாளியிடம் கெஞ்சி ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டு பகலில் மையத்துக்குப் போனான்.

வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே மண் போகக் கூடாது. செருப்பைக் கழற்றச் சொல்லி, காலை பிரஷ் போட்டுத் தேய்த்து, விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். செல்லப்பாண்டியின் நகக்கண்ணில் ஏதோ இருப்பதாகச் சந்தேகம் வந்து இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். கப்பலில் வந்த கந்தகம் என்று தெரிந்ததும் அனுமதித்தார்கள்.

பிறகு உறுதிமொழி. எல்லோரும் கையை நீட்டி நின்று சொன்னார்கள்: “மண்ணை நம்ப மாட்டேன். மண்ணைத் தொட மாட்டேன். மண்ணில் பயிர் செய்வோரைக் கண்டால் வெறுக்காமல் அனுதாபப்படுவேன்.” உறுதிமொழி முடிந்ததும் பொங்கலும் வடையும் கொடுத்தார்கள். அரிசி எதில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை, பொங்கல் நன்றாக இருந்தது.

துணை இயக்குநர் ஜெயசிங் வந்து பேசினார். நாசரேத்துக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல குரல்.

“எங்க அப்பாவும் மண்ணுலதான் பயிர் வச்சார். கத்திரி வச்சார், வெண்டை வச்சார். காய்ச்சது, சாப்பிட்டோம். ஆனா ஒரு ரெக்கார்ட் உண்டா? ஒரு போட்டோ உண்டா? ஒரு மீட்டிங் நடந்ததா? கிடையாது. மண்ணோட பெரிய குறை என்னன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தோம். அதுல யார் வேணாலும் விதைக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். இங்க அப்படி இல்ல. என் அனுமதி இல்லாம ஒரு விதை வாயைத் திறக்காது. அதுதான் விஞ்ஞானம்.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. செல்லப்பாண்டியும் தட்டினான். முன்வரிசையில் ஒரு தனி நாற்காலியில் மாரிராஜ் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். மையத்தின் கௌரவ ஆலோசகராம். கழுத்தில் அடையாள அட்டை. அவனைப் பார்த்துக் கையாட்டினார்.

பயிற்சி ஆரம்பமானது. சாயர்புரத்திலிருந்து வரும் ஈவாஞ்சலின் மேடம்தான் பயிற்றுநர். “விதையைப் போடுறதுன்னு யாரும் சொல்லக் கூடாது. இருத்துதல்னுதான் சொல்லணும்” என்று தொடங்கினார். சின்னச் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கீறல். கீறலுக்குள் விதையைச் சின்ன இடுக்கியால் இருத்த வேண்டும். முதல் வாரம் விதை தரவில்லை. விதைக்கு மேலிடத்து ஒப்புதல் வரவில்லை என்பதால் ரவையை வைத்துப் பயிற்சி நடந்தது. செல்லப்பாண்டி அவ்வளவு ரவையையும் அழகாக இருத்தினான். முளைக்கவில்லை என்று யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

பிறகு விதை இருத்தும் விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வந்த விருந்தினருக்குச் சால்வை போட்டார்கள், அவர் திருப்பி ஜெயசிங்குக்குச் சால்வை போட்டார். ஆளுக்கு ஒரு தட்டு ஸ்பாஞ்சும் ஒரு பொட்டலம் லெட்டூஸ் விதையும் கிடைத்தன. விருந்தினர் பேசி முடிப்பதற்குள் ஸ்பாஞ்சு எல்லாம் காய்ந்துபோய், மறுபடியும் தண்ணீர் தெளித்து, மறுபடியும் ஒரு முறை விளக்கை ஏற்றினார்கள்.

விதைகள் கூடத்தில் வைக்கப்பட்டன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பங்குனி வெயில். உள்ளே நின்றால் தலைமயிர் வேகிற மாதிரி இருந்தது. நாள்கள் போயின. ஒரு விதையும் அசையவில்லை. மார்கழியில் மாரிராஜ் வைத்ததெல்லாம் முளைத்ததே என்று செல்லப்பாண்டிக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு மையம் ஏற்கெனவே காரணம் கண்டுபிடித்திருந்தது, மாரிராஜின் ஒழுக்கம்.

ஒரே ஒரு தட்டு மட்டும் முளைத்தது. அது ஜெயசிங்கின் அறையில், மேசை மேல், அவர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் மாதிரிக்காக வைத்திருந்த தட்டு. மாரிராஜ் தம் கையால் விதை இருத்திக் கொடுத்த தட்டு அது. வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, மேலே குட்டிக் குட்டிப் பச்சை இலைகள். எல்லோரையும் வரிசையாக உள்ளே விட்டுக் காட்டினார்கள். செல்லப்பாண்டி குனிந்து பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. மாரிராஜுடையதாக இல்லாமல் இருந்திருந்தால் அவனே பாராட்டியிருப்பான்.

மையத்தின் குழு கூடி ஆராய்ந்து முடிவை அறிவித்தது. ஜெயசிங்கே விளக்கினார்.

“விதைக்கும் ஒரு பயம் வேணும். கூடத்துல இருக்கிற விதைக்கு, நம்மள யாரும் பார்க்கலன்னு ஒரு தைரியம். என் ரூம்ல அது முடியாது. நான் உட்கார்ந்திருக்கேன், எதிர்ல அது உட்கார்ந்திருக்கு. முளைக்காம எங்க போகும்? ஆக, முளைப்புக்குக் காரணம் மேற்பார்வை.”

செல்லப்பாண்டி தயங்கிக் கையைத் தூக்கினான். “சார், தப்பா நெனைக்கப்படாது. உங்க ரூம்ல ஏசி ஓடுதுல்லா? அந்தக் குளிர்ச்சிக்கு முளைச்சிருக்குமோ?”

ஜெயசிங் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை, விளக்குகிற ஆள்.

“ஏசி எனக்கு வழங்கப்பட்டது. என் பதவிக்கு அது உண்டு. விதைக்கு ஏசிக்குத் தகுதி கிடையாது. தகுதி இல்லாத ஒண்ணு அதைப் பயன்படுத்தியிருக்க முடியாது. அடுத்த கேள்வி?”

அன்றைக்கே தட்டுகளை ஜெயசிங்கின் அறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். மேசை மேல் முன்னோடிக்கு. ஃபைல் அலமாரி மேல் பட்டதாரிகளுக்கு. சோபா கைப்பிடி மேல் சிபாரிசுடன் வந்தவர்களுக்கு. செல்லப்பாண்டிக்கு வராந்தாவில், அறைக் கதவுக்கு வெளியே இடம் கிடைத்தது. கதவு திறக்கும்போது கொஞ்சம் குளிர் வெளியே வரும். அதனால் அவன் ஏதாவது சாக்குச் சொல்லிக் கதவைத் திறந்துகொண்டே இருந்தான். “சார், தண்ணி வேணுமா?” “சார், கூப்ட்டீங்களா?” “சார், கதவு சரியா மூடுதான்னு பாத்தேன்.” திறக்கிற ஒவ்வொரு முறையும் மேசை மேல் மாரிராஜின் தட்டு கண்ணில் பட்டது. சகலையின் லெட்டூஸ் தினம் ஒரு இலை கூடிக்கொண்டு வந்தது.

பொட்டலத்தில் மீதி விதை இருந்தது. வீட்டில் தானே முளைக்கவைத்துக் காட்டிவிடுவது என்று செல்லப்பாண்டி கிளம்பினான். அவனும் தாமிரபரணிக் கரை வயல்காட்டில் பிறந்தவன்தான். முளை கட்டுவது அவனுக்குக் கைவந்த வேலை. நெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, மேலே பாரத்தைத் தூக்கி வைத்தால் உள்ளே சூடு கிளம்பும். அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் முளை விட்டிருக்கும். இரண்டு போகமும் அவன் அப்பா அப்படித்தான் செய்தார். லெட்டூஸ் மட்டும் என்ன வானத்திலிருந்தா வந்தது?

விதையை ஊறவைத்தான். சாக்கில் ஒழுகிவிடும் என்பதால் முதலில் துண்டில் முடிந்து, பிறகு ஈரச் சாக்கில் சுற்றி, அடுப்படி மூலையில் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான். முந்நூறு கிராம்கூடத் தேறாத மூட்டைக்கு அவ்வளவு பெரிய கல். அவிழ்த்தபோது கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, நாற்றம் தாங்கவில்லை.

சுடலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். “என்ன இது, கடுகுத் தொவையலா?”

“வாய மூடுளா.”

“அத்தானும் முளைக்க வச்சாரு, வீட்ல ஒரு நாத்தம் இல்லன்னு அக்கா சொன்னா.”

அத்தான் என்ற சொல் அவன் நெஞ்சில் அம்மிக்கல்லாக இறங்கியது. கடைசியாகக் கொஞ்சம் விதை மிச்சமிருந்தது. அதை மையத்துச் சாஸ்திரப்படி ஸ்பாஞ்சில் இருத்தி, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, அடுப்படி மேடை மேல் வைத்துவிட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனான். தட்டில் எறும்பு ஏறிவிட்டது. சுடலைச்செல்வி எறும்பைத் தட்டிவிட்டு, தட்டைத் தூக்கி ஃப்ரிட்ஜில், மாவுச் சட்டிக்கும் சாளை மீனுக்கும் நடுவே செருகினாள். அப்புறம் அவளும் மறந்தாள், அவனும் கேட்கவில்லை. சில நாள் கழித்து மீன் எடுக்கும்போது தட்டு இடித்தது, எடுத்து வெளியே வைத்தாள். மறுநாள் காலையில் ஸ்பாஞ்சுக் கீறல்களிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்லப்பாண்டி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மையத்துக்கு ஓடினான்.

அவன் நினைத்தது வேறு, நடந்தது வேறு. தட்டைப் பார்த்து, அது வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்து முளைத்த கதையைக் கேட்டதும் ஜெயசிங் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவசரக் குழு கூடியது. மாரிராஜும் கௌரவ ஆலோசகர் என்ற முறையில் உட்கார்ந்திருந்தார். ஈவாஞ்சலின் மேடம் மெதுவாக, “நல்லாத்தான் முளைச்சிருக்கு சார்” என்றார்.

“நல்லா முளைச்சதுதான் பிரச்சனை” என்றார் ஜெயசிங். “யார் மேற்பார்வையில முளைச்சது? அந்த ஃப்ரிட்ஜுல எந்த அலுவலர் இருந்தார்? நாளைக்கு ஒவ்வொருத்தனும் வீட்டுல முளைக்க வச்சான்னா இந்தக் கட்டடம் எதுக்கு, நான் எதுக்கு? முறையில்லாம முளைச்ச விதை முளைக்காத விதைக்குச் சமம். இது முளைக்கலன்னு பதிவு பண்ணுங்க.”

அவன் கண் முன்னாலேயே, வெள்ளை வேர் விட்டு நிற்கும் அந்தத் தட்டு முளைக்கவில்லை என்று பதிவாயிற்று. மாரிராஜ், “பாவம் சார், பாத்துச் செய்யுங்க” என்று அவனுக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பரிவுதான் செல்லப்பாண்டியைச் சுட்டது. அந்தச் சூட்டில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்நாளில் அவனுக்கு வந்த ஒரே பெரிய யோசனை அதுதான்.

“சார், உங்க போட்டோ ஒண்ணு குடுத்தீங்கன்னா ஃப்ரிட்ஜுக்குள்ள மாட்டிருதேன்.”

ஜெயசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “இத்தனை வருஷ சர்வீஸ்ல” என்றார், “என் பணியோட தன்மையைப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்.”

மூன்றாம் நாள் செல்லப்பாண்டி வீட்டு ஃப்ரிட்ஜ், மையத்தின் முளைப்புக் கிளை அலுவலகமாக அறிவிக்கப்பட்டது. லேமினேட் செய்த ஜெயசிங் படம் மேல் தட்டின் பின்சுவரில், முட்டை வைக்கும் குழிகளைப் பார்த்தபடி ஒட்டப்பட்டது. அலுவலகத்தில் மீன் இருக்கக் கூடாது என்று மீனை எடுக்கச் சொன்னார்கள். மாவு இருக்கக் கூடாது, ஏனென்றால் மாவு பொங்கும், அது அனுமதி பெறாத வளர்ச்சி. பாலும் தண்ணீர்ப் பாட்டிலும் வெளியேறின. கதவைத் திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை, மதிய உணவு இடைவேளையில் மூடல். ஞாயிறு விடுமுறை.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. கதவை மூடினால் உள்ளே பல்பு அணையுமா, எரியுமா? அணைந்தால் துணை இயக்குநர் இருட்டில் மேற்பார்வை பார்ப்பதாகிவிடும், பதவிக்கு அது அழகல்ல. குழு வீட்டுக்கு வந்து ஆய்வு செய்தது. கதவைத் திறந்தார்கள், எரிந்தது. மூடினார்கள். மறுபடி திறந்தார்கள், எரிந்தது. பார்த்தபோதெல்லாம் எரிந்ததால் எப்போதும் எரிவதாகக் கொள்ளப்படும் என்று முடிவு செய்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

செல்லப்பாண்டி பொறுப்பு அலுவலர் ஆனான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ராத்திரி மூட்டை எண்ணிவிட்டு வந்த கண்ணோடு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தான்.

“அவன் கேட்டுல பலகதான தொங்குது” என்றான் மனைவியிடம். “எனக்கு வீட்டுக்குள்ளயே ஆபீஸு.”

“மீன எங்க வைக்க?”

“ஏதாவது செய்யி.”

அவள் செய்தாள். மீன், மாவு, பால், தயிர் எல்லாம் அக்காள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று. தினம் நாலு தடவை போய் எடுத்து வந்தாள். பிறகு எடுத்து வருவது சிரமம் என்று அங்கேயே சமைத்து, அங்கேயே உட்கார்ந்து பேசி, இவனுக்குத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். சித்திரை பிறந்து வெயில் கொளுத்தியது. கண் ஆஸ்பத்திரிக்கு வந்த மாமனார் வீரபாகு இளைய மருமகன் வீட்டுக்கு வந்தார், குளிர்ந்த தண்ணீர் கேட்டார், அலுவலகம் மூடும் நேரம் ஆகிவிட்டதென்று செல்லப்பாண்டி விளக்கினான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாரிராஜ் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மோர் இருந்தது. அடுத்த தெருவிலிருந்து அவர்கள் எல்லோரும் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் செல்லப்பாண்டி சாப்பிடாமலே ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பினான்.

ஆனாலும் மையம் தந்த விதைகள் மெல்ல முளைத்தன. பலகையும் வந்தது. மையத்தில் விழா வைத்து, சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி கையால் கொடுத்தார்கள். மாரிராஜின் பலகையைவிட அரை மடங்கு பெரியது: ‘பொறுப்பு அலுவலர், முளைப்புக் கிளை’. பெரிய அதிகாரி பேசும்போது, “மண் இல்லாமல் செடி வளர்த்துவிட்டோம். இனி செடியும் இல்லாமல் இந்த மையத்தை நடத்த முடியுமா என்று யோசித்துவருகிறோம்” என்றார். ஜெயசிங் எழுந்து நின்று கைதட்டினார்.

பலகையை வாங்கிக்கொண்டு செல்லப்பாண்டி முன்வரிசையைத்தான் பார்த்தான். இந்த ஒரு நொடிக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தான். மாரிராஜின் முகம் கறுக்க வேண்டும், உதடு கோண வேண்டும். மாரிராஜ் விசிலடித்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்கியதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“சகலை, எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? நம்ம குடும்பத்துல ரெண்டு பலகை! மாமாட்ட நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். ‘இந்த வருசம் ஃப்ளெக்ஸுல செல்லப்பாண்டி படம்தான் மேல இருக்கணும், என் படம் கீழ போதும்’னுட்டேன்.”

அந்த முகத்தில் ஒரு துளி எரிச்சல் இருந்திருந்தால் செல்லப்பாண்டி அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஒரு துளிகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தான். தான் கேட்டு வாங்க வேண்டியதையும் இந்த ஆள் கொடுத்து அனுப்புகிறானே என்று வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

வைகாசிக் கொடை நெருங்கியது. ஃப்ளெக்ஸ் அடித்து வந்துவிட்டது. மாமனார் ஊரிலிருந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே, ஆள் உயரத்துக்குச் செல்லப்பாண்டி. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். வேட்டி எடுத்தான், மீசைக்கு மை வாங்கினான். பிறகு ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டு ஜெயசிங் முன்னால் நின்றான்.

“தலைமையிடத்தை விட்டுப் போறதுன்னா பொறுப்பை யார்ட்டயாவது ஒப்படைக்கணும்” என்றார் ஜெயசிங். “அலுவலகத்தை ஆளில்லாம விட முடியாது. என் படத்தைத் தனியா விட்டுட்டுப் போவீங்களா? முன்னோடி யாராவது வந்து உட்கார்ந்தா நீங்க தாராளமா போகலாம். அந்த நாளுக்கு மட்டும் அவர் பொறுப்பு அலுவலர்.”

மாவட்டத்தில் முன்னோடி ஒரே ஒருவர்தான். விஷயம் கேள்விப்பட்டு அவரே செல்லப்பாண்டியின் வீட்டுக்கு வந்தார்.

“நீ போ சகலை, ஒன் படம் போட்ட ஃப்ளெக்ஸு. நீ இல்லாம எப்படி? ஃப்ரிட்ஜ நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மிகச் சாதாரணமாக, எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்தார். நாற்காலி அவருக்கு அளவெடுத்துச் செய்தமாதிரி இருந்தது.

செல்லப்பாண்டி பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்கு இவர் பொறுப்பு அலுவலர். ஏற்கெனவே முன்னோடி, ஏற்கெனவே ஆலோசகர், இனி இதுவும். அன்றைக்குப் பார்த்துப் புதிதாக ஒரு விதை முளைத்துவிட்டால்? மாரிராஜின் மேற்பார்வையில் முளைத்தது என்று பதிவாகிவிடும்.

“வேண்டாம் அண்ணாச்சி, எந்திரிங்க” என்றான். “நீங்க போங்க. நான் இருக்கேன்.”

“ஏலே, கொடைய விட்டுட்டா?”

“எனக்கு டூட்டி இருக்கு.”

சுடலைச்செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒமக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, பட்டுச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அத்தான் காரில் அக்காளோடு ஊருக்குக் கிளம்பினாள்.

கொடை நாளன்று செல்லப்பாண்டி ஃப்ரிட்ஜ் பக்கத்து நாற்காலியில் மீசைக்கு மை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்தான். ஜெயசிங் சிரித்துக்கொண்டிருந்தார். புதிதாக எதுவும் முளைக்கவில்லை. மத்தியானப் பூசை முடிந்திருக்கும் நேரத்துக்குப் போன் வந்தது. சுடலைச்செல்விதான். பின்னால் மேளச் சத்தத்தில் அவள் கத்த வேண்டியிருந்தது.

“பூச முடிஞ்சிட்டு. அப்பா மருமவனுக்குக் கட்டுத பரிவட்டத்த அத்தானுக்குக் கட்டிட்டாவ. நீரு இல்லல்லா.”

“ஃப்ளெக்ஸு?”

“நல்லாத்தான் இருக்கு, பெருசா. அத்தான் அதுக்கு நேரா கீழதான் நின்னாரு. வெளியூர்க்காரங்க எல்லாம் மேல இருக்கது யாருன்னு கேட்டாவ.”

செல்லப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஒங்க அப்பா என்ன சொன்னாவ?”

“மைக்குல சொன்னாவ. ‘இங்கன நிக்கது மூத்த மருமவன். மேல இருக்கது எளைய மருமவன். அவரால வர முடியல, வீட்ல ஃப்ரிட்ஜ பாத்துக்கிட்டு இருக்காரு’ன்னு.”

மேளம் கொஞ்சம் ஓய்ந்தது.

“அதுக்கு எல்லாரும் என்ன சொன்னாவ?”

“என்ன சொல்லுவாவ, பாவம்னு சொன்னாவ. அத்தான் மட்டும் விட்டுக்குடுக்கவே இல்ல, மைக்க வாங்கி ‘என் சகலை பெரிய ஆபீசராக்கும்’னு சொன்னாரு. அப்பறம் ஒரு அண்ணாச்சி எங்கிட்ட வந்து கேக்காரு, ‘ஃப்ரிட்ஜுல என்னம்மா கம்ப்ளைன்ட்டு, தூத்துக்குடியில எனக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் ஒருத்தன் இருக்கான், நம்பர் தரட்டுமா’ன்னு. பக்கத்துலதான் நிக்காரு. வாங்கவா, வேண்டாமா?”